வளைவுக்காரரின் பக்கத்து சீட்

"உங்க ரூட்ல ஜனங்க எங்க அதிகமா வாந்தி எடுப்பாங்க?"

பஸ் நிலையத்தில், கிளம்பத் தயாராக நின்ற வெளியூர் பஸ் ஒன்றின் ஜன்னலுக்குக் கீழே நின்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஓட்டுநர் டீ டம்ளரை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். சட்டைப் பையில் ஒரு ஸ்க்ரூடிரைவர், நகக்கண்ணில் கிரீஸ், காலில் பக்கவாட்டில் கிழிந்த கேன்வாஸ் ஷூ.

"ஏன், எலுமிச்சம்பழம் விக்கப் போறீங்களா?"

"இல்லண்ணே. வண்டி ஓட்டப் போறேன்."

ஓட்டுநர் நல்ல மாதிரி. டீயை ஒரு மடக்கு குடித்து, யோசித்துச் சொன்னார். "ரெண்டாவது பாலம் தாண்டினதும் கொஞ்ச தூரம். அங்க பின் சீட்ல யாராவது ஜன்னலத் திறக்காம இருந்ததே இல்ல."

"குலுங்கியா, சுத்தியா?"

"அதுல என்னங்க வித்தியாசம்?"

"குலுங்கி வந்தா ரோடு மோசம்ணே. சுத்தி வந்தா அது நல்ல ரோடு."

ஓட்டுநர் சிரித்ததில் டீ சிந்தியது. நான் பக்கத்தில் மருந்துப் பையோடு நின்றுகொண்டிருந்தேன். மருந்துக் கடைக்கென்று என்னையும் அழைத்து வந்தவர், "ஒரே நிமிஷம் அக்கா" என்று சொல்லிவிட்டு அந்த பஸ்ஸைப் பார்த்து நடந்துவிட்டார். ஒரே நிமிஷம் என்று அவர் சொன்னால் உட்கார இடம் பார்த்துக்கொள்வது நல்லது.

எங்கள் தெருவில் அவருக்கு வளைவுக்காரர் என்று பெயர். வேலை லிஃப்ட் மெக்கானிக். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஏதாவது ஒரு கட்டடத்தின் இருட்டுக் குழிக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பார். தன் சொந்த உபயோகத்துக்கு மட்டும் லிஃப்டில் ஏறமாட்டார். எத்தனை மாடியானாலும் படிக்கட்டுதான். கேட்டால், "படியாவது திரும்புதேக்கா" என்பார்.

அவரிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. பெரிய இடத்துப் பளபளப்பு என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டே சீட், துணிக் கூரை, குளியல் தொட்டி அளவு. ஒரு காலத்தில் மஞ்சளாக இருந்திருக்கும்; இப்போது பழைய சோப்பின் நிறம். எவருடைய கொட்டகையிலோ எலி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த வண்டியை வாங்கி, லிஃப்ட் வேலை முடிந்த பிறகு கழற்றிப் பூட்டிக் கழற்றிப் பூட்டி ஓட வைத்தாராம். துணிக் கூரையைத் தைத்தது அவர் மனைவி. திரைச்சீலை தைத்துக் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவள். அந்தத் தையலில் இன்றுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கியதில்லை.

"நான் நேரா மேல, நேரா கீழ. இவ மெஷின்ல நேரா குறுக்க. எங்க ரெண்டு பேருக்கும் வளைவுன்னு ஒண்ணு வீட்டுக்கு வெளியதான் இருந்துச்சு" என்று ஒரு நாள் சொன்னார். சிரிக்காமல் சொன்னார்.

ஒரு மனிதரின் பைத்தியம் அவர் நடையில் தெரியும். இவர் தெருமுனை திரும்புவதைப் பார்க்க வேண்டும். முனை வருவதற்கு முன்பே சாலையின் வெளியோரத்துக்குப் போய்விடுவார். பிறகு மூலையை ஒட்டி உள்ளே வெட்டி, திரும்பி முடித்ததும் மறுபடி வெளியே விரிவார். காய்கறி வண்டிக்காரர் அவர் தலையைக் கண்டாலே தள்ளுவண்டியை நிறுத்திவிடுவார். "வழி விடுங்கப்பா, ரேஸ் வருது" என்பார்.

இதைப் பார்த்துச் சிரித்தவள்தான் நானும். பிறகு ஒரு நாள் அவர் மனைவியைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போன இடத்தில் சக்கர நாற்காலியை அவர் தள்ளினார். தாழ்வாரம் திரும்பும் இடத்தில் எல்லாரும் செய்வதுபோல் வெடுக்கென்று திருப்பவில்லை. எங்கே திருப்பம் தொடங்கியது, எங்கே முடிந்தது என்று தெரியாமல் நாற்காலி அந்தப் பக்கம் போய்விட்டது. தலைசுற்றல் நோயாளி அவள், முகம் சுளிக்கவில்லை. நான் எத்தனையோ பேருக்கு நாற்காலி தள்ளப் பழக்கியிருக்கிறேன். அந்தத் திருப்பத்துக்கு மேல் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒன்றும் இல்லை.

காலை வேளைகளில் அந்த வீட்டுக்குப் போகிறேன். மனைவியை எழுப்பி, குளிக்க வைத்து, கண்ணுக்கும் கழுத்துக்கும் உள்ள பயிற்சிகளைச் செய்ய வைத்து, மாத்திரை கொடுத்துவிட்டு வருவது என் வேலை. எனக்கும் வயதாகிவிட்டது. ஆனால் இன்னும் ஆளைத் தாங்கிப் பிடிக்க இடுப்பு ஒத்துழைக்கிறது.

வளைவு தேட அவர் வைத்திருக்கும் வழிகள் வாந்தியோடு நிற்பதில்லை. முட்டை லாரிக்காரர்களைக் கேட்பார். எந்த ரோட்டில் போக அவர்கள் பயப்படுகிறார்களோ அந்த ரோட்டை நினைவில் போட்டுக்கொள்வார். பிரேக் மாற்றுகிற பட்டறையில் போய் உட்கார்ந்து, "எந்தப் பக்கத்து வண்டிக்கு பிரேக் சீக்கிரம் தேயுது?" என்பார். புதிதாகப் பாலமோ நெடுஞ்சாலையோ திறந்தால் ஊரே புது ரோட்டைப் பார்க்கப் போகும். இவர் கைவிடப்பட்ட பழைய ரோட்டைப் பார்க்கப் போவார். "புது ரோடு போட்டவன் அவசரக்காரன். பழைய ரோடு போட்டவன் மலை சொன்னபடி கேட்டவன்."

செல்போனில் வரைபடத்தைத் திறந்து இரண்டு விரலால் பெரிதாக்கிக்கொண்டே போவார். மனைவி நன்றாக இருந்த காலத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் பார்ப்பாளாம். தையல்காரி கண். "அதோ, நூல்கண்டு உருண்டு ஓடின மாதிரி ஒண்ணு கிடக்கு பாருங்க" என்று அவள் விரல் வைத்த இடங்கள் சோடை போனதில்லை என்று அவரே சொல்லுவார்.

எல்லா வளைவும் அவருக்கு வளைவல்ல. மலைப்பாதையில் எல்லாரும் படம் எடுத்துக்கொள்ளும் ஊசி வளைவுகளை அவர் மதிப்பதே இல்லை. "அது மாடிப்படித் திருப்பம்க்கா. நின்னு திரும்பற எடம். அதுல என்ன இருக்கு?" ஒரு வளைவு முடிகிற கையோடு அடுத்தது அதைக் கைப்பிடித்து வாங்கிக்கொள்ள வேண்டும். நடுவில் வீடும் பள்ளிக்கூடமும் இருக்கக்கூடாது. தார் வழவழப்பாக இருக்க வேண்டும். வேகம்? அவர் வேகமாகப் போகிறவர் இல்லை. அவரை முந்திப்போன ஒரு பால்வண்டிக்காரர், "என்னண்ணே, வண்டி இவ்வளவு அழகு, ஓட்டறது மாட்டு வண்டி மாதிரி" என்று கேட்டுவிட்டுப் போனாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"வேகத்துக்குக் கால் போதும். நேர் ரோட்ல யார் வேணா மிதிக்கலாம். வளைவுக்குக் கை வேணும், கண்ணு வேணும், இடுப்பு வேணும்."

வளைவுகளுக்குக் குணமும் சொல்வார்கள் இருவரும். ஒன்று மாமியார் வளைவாம்: நுழையும்போது சிரிக்கும், உள்ளே போனதும் இறுக்கும். இன்னொன்று சம்பந்தி வளைவு: இரண்டு பக்கமும் மரியாதையாக வளைந்து நின்று ஒன்றுக்கொன்று வழி விடாது. கட்டிலில் தலையை அசைக்காமல் படுத்துக்கொண்டு இதையெல்லாம் எனக்கு விளக்கியது மனைவிதான்.

அவளுக்கு நோய் உள்காதில். ஒரு நாள் தையல் மெஷினில் குனிந்தவளுக்கு அறை சுற்றியது. ஊசி, துணி, சுவர் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து, அவள் நாற்காலியோடு விழுந்தாள். அதன் பிறகு ஒரு காதில் இரைச்சல் வந்தது; இரைச்சல் போனபோது அந்தக் காதின் கேட்கும் சக்தியும் கூடவே போய்விட்டது. இப்போது நன்றாக இருக்கும் நாட்களில் சமையலறைக்கும் வாசலுக்கும் நடப்பாள். கெட்ட நாட்களில் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கிடப்பாள், கட்டில் எங்கேயோ போய்க்கொண்டிருப்பதுபோல. முழுக்கச் சரியாகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நானும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். பழகிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து காரின் பக்கத்து சீட் காலி. அவர் தனியாகப் போவார், வருவார். வந்ததும் கட்டிலோரம் உட்கார்ந்து போன வழியைச் சொல்லுவார். அவள் "ம்" கொட்டுவாள். ஒரு நாள் பாதியில் நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னார்: "ஒரு வளைவு நல்லா அமைஞ்சுதுன்னா பக்கத்துல திரும்பிப் பாப்பேங்க்கா. பழக்கம். அங்க என் டிபன் பை இருக்கும்."

இது எப்படியும் நடந்துகொண்டிருக்கும் கதைதான். அவசரம் எங்கிருந்து வந்தது என்றால், மலையைக் குடைந்து ஒரு சுரங்கப்பாதை போட்டார்கள். லாரியும் பஸ்ஸும் இனி அதற்குள் நேராகப் போய் நேராக வெளியே வரும். மண் சரிகிறது என்று சொல்லி, மலைமேல் சுற்றிப் போகும் பழைய சாலையை மழைக்கு முன் பூட்டிவிடப் போவதாக அறிவிப்பு வந்தது. அது அவர்கள் இருவரும் கண்டுபிடித்த முதல் ரோடு. கல்யாணமான புதிதில், மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தங்கும் விடுதிக்குத் திரைச்சீலை கொடுக்கப் போனபோது, அந்தக் காலத்தில் எல்லாரும் போன வழியை விட்டு அவள்தான் கை காட்டித் திருப்பினாளாம். அப்போது இந்தக் கார்கூட இல்லை. யாருடைய வேனோ. பின்னால் திரைச்சீலைகள், முன்னால் இவர்கள்.

"பூட்றதுக்குள்ள ஒரு தடவை. ஒரே ஒரு தடவை இவ பக்கத்துல உக்காந்து அந்த ரோட்ல வரணும். அவ்ளோதான்க்கா" என்றார். வேறொன்றும் அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

மனிதர் வேலையில் இறங்கினார். முதலில் தன் கையைச் சோதித்தார். ஒரு டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, நூல்கண்டுப் பெட்டிக்குள் நிறுத்தி, அந்தப் பெட்டியைப் பக்கத்து சீட்டில் வைத்து பெல்ட் போட்டுக்கொண்டு வளைவுகளுக்குப் போனார். மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "எனக்குப் பதிலா டம்ளரைக் கூட்டிட்டுப் போறாரு பாருங்க. அதுவாவது வழி பூரா எதிர்த்துப் பேசாது." சில வாரங்களில் டம்ளர் சிந்தாமல் திரும்பியது. வெற்றி வீரர் மாதிரி அதைக் கொண்டுவந்து காட்டினார். அவள் வாங்கி அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டாள்.

டம்ளருக்குப் பிறகு நான். "நீங்க ஒரு தடவை உக்காந்து பாருங்கக்கா. உங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னா அவளுக்கும் ஆகாது." என் வயதில் அந்தக் காருக்குள் இறங்குவது கிணற்றில் இறங்குவது மாதிரி. மடியில் ஒரு பிளாஸ்டிக் பையைத் தயாராக வைத்துக்கொண்டேன். ஏரிக்கரை ரோட்டில் போனோம். ஓட்டுவதில் குறை சொல்ல முடியாது. பட்டுத்துணியை இழுத்த மாதிரிதான் வண்டி போனது. ஆனாலும் நாலைந்து வளைவு தாண்டியதும் என் வயிறு மேலே எழும்பியது. திரும்பிப் பார்த்தால் அவர் விருந்து சாப்பிட்டவர் முகத்தோடு ஓட்டிக்கொண்டிருக்கிறார். அவருடைய இடுப்பு ஸ்டீயரிங்குக்கு முன்னாலேயே சாய்ந்துவிடுகிறது. நான் வளைவு வந்த பிறகு சாய்கிறேன். சங்கதி அதுதான்.

"நிறுத்துங்க தம்பி. டம்ளருக்குக் கண்ணும் இல்ல, காதும் இல்ல. அதான் அது வாந்தி எடுக்கல."

"என்னக்கா செய்யறது?"

"படுத்திருக்கிறவங்களைப் புரட்டும்போது நான் என்ன செய்வேன்? 'இப்ப இந்தப் பக்கம் திரும்பப் போறோம்'னு முன்னாடியே சொல்லிடுவேன். சொல்லாம புரட்டினா உடம்பு பயந்துக்கும். நீங்க ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறீங்க."

திரும்பி வரும்போது ஒவ்வொன்றையும் முன்னாலேயே சொன்னார். "வலது, சின்னது. இடது வருது, நீளம். அப்படியே வலது." நானும் அவரோடு சாய்ந்தேன். வீட்டுக்கு வந்து டீ குடித்தேன். அது உள்ளேயே இருந்தது.

மனைவி சம்மதித்தாள். முதலில் ஏரிக்கரை ரோடு, அது ஒத்துக்கொண்டால் மலை ரோடு என்று பேச்சு. ஒரு நல்ல நாளாகப் பார்த்து, மாத்திரை போட்டு, வெறும் பிஸ்கட் இரண்டு கொடுத்து, தலைக்குப் பின்னால் சின்னத் தலையணை வைத்து உட்கார வைத்தேன். அவளுக்குப் பிடிக்குமென்று கூரையை மடித்து இறக்கியிருந்தார். தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு அவள் அந்த சீட்டில் உட்கார்ந்ததும் மனிதருக்குச் சாவி துவாரத்துக்குள் போகவில்லை. "முதல் நாள் பொண்ணு பாக்க வந்தப்பகூட இப்படி நடுங்கல" என்றாள்.

போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். இல்லை, திரும்பி வந்தது நத்தை வேகத்தில். அவள் முகம் சாம்பல் நிறம். ஸ்கார்ஃப் நனைந்திருந்தது. தூக்கிக் கொண்டுபோய்ப் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் தலையணையை அண்டக் கொடுத்து, திரையை இழுத்துவிட்டேன். அவர் வாசற்படியிலேயே நின்றார், உள்ளே வர அனுமதி கேட்பவர்போல.

"எல்லா வளைவும் முன்னாடியே சொன்னேங்க்கா. தொண்டை கட்டற அளவுக்குக் கத்தினேன்."

கண்ணைத் திறக்காமல் கட்டிலிலிருந்து அவள் கேட்டாள்: "எந்தக் காதுல கத்தினீங்க?"

அவர் கை தன் வலது காதுக்குப் போனது.

"உங்க பக்கம் இருக்கிறது செத்த காது. இந்தப் பக்கக் காதுல வெறும் காத்துச் சத்தம். நீங்க வாயை வாயைத் திறக்கிறது தெரிஞ்சுது. பாட்டுப் பாடறீங்கன்னு நெனச்சேன்."

கட்டிய நாளிலிருந்து கூட இருப்பவருக்கும் அது தோன்றவில்லை. தினமும் அந்தக் காதைத் துடைத்துவிடும் எனக்கும் தோன்றவில்லை. அவளுக்குமே, வளைவு வருகிற சந்தோஷத்தில், தோன்றவில்லை.

"அடுத்த தடவை கூரைய மூடிட்டு..." என்று ஆரம்பித்தார்.

"போதுங்க. இப்ப அந்தக் கார் கதவை நெனச்சாலே எனக்கு வீடு சுத்துது. இனிமே அந்தப் பேச்சு வேணாம்."

நானும் வேண்டாம் என்றேன். அந்த வாரம் முழுக்க அவளைக் கழிவறைக்கு நடத்திப்போக என் ஒரு தோள் போதவில்லை. அவர் வேலைக்குப் போகாமல் இன்னொரு தோள் கொடுத்தார்.

அதன் பிறகு அவர் பஸ் ஓட்டுநர்களிடம் போய் நிற்பதில்லை. செல்போனில் வரைபடம் பார்ப்பதில்லை. கேன்வாஸ் ஷூவைப் பார்க்க முடியவில்லை. எல்லாரையும் போலச் செருப்பு. தெருமுனையில் ஒழுங்காக நேராக வந்து, நின்று, திரும்பினார். காய்கறி வண்டிக்காரர் என்னைக் கூப்பிட்டு, "அவருக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார்.

ஒரு காலையில் நான் போனபோது கார் நிற்கும் கொட்டகையின் கதவு திறந்திருந்தது. உள்ளே வண்டியில் அவர் உட்கார்ந்திருந்தார், மனைவியின் சீட்டில். கை இரண்டும் மடியில். முன்னால் சுவர்தான்.

"என்ன தம்பி, அங்க உக்காந்து?"

"இத்தனை வருஷத்துல நான் இந்த சீட்ல உக்காந்ததே இல்லக்கா." ஸ்டீயரிங்கைத் தலையால் காட்டினார். "இங்கேருந்து பாத்தா அது எவ்வளவு தூரத்துல இருக்கு பாருங்க. பிடிச்சுக்க இங்க ஒண்ணுமே இல்ல. இவ எதைப் பிடிச்சுட்டு வந்தா இவ்ளோ நாளும்?"

பால் காய்ச்ச வேண்டியிருந்தது, உள்ளே போய்விட்டேன்.

சாலையைப் பூட்டும் நாள் நெருங்கியது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தோடு சரி என்று அடிவாரத்தில் பலகை வைத்துவிட்டார்களாம். அவர் அதைச் சொல்லிவிட்டு, "நான் போகல" என்றார். அவள் அப்போது கழுத்துப் பயிற்சியில் இருந்தாள். இடது பக்கம் பார்த்து, நடுவுக்கு வந்து, வலது பக்கம் பார்த்து முடித்தாள். முடித்துவிட்டுச் சொன்னாள்.

"நான் போறேன்."

"எங்க?"

"அடிவாரத்துக்கு. பஸ்ல. அதுவரைக்கும் மெயின் ரோடு ஸ்கேல் வெச்ச மாதிரிதான இருக்கு. முன் சீட்டு, ஒரு மாத்திரை, அக்கா கூட வருவாங்க. நீங்க வண்டிய எடுத்துட்டு வாங்க."

"நீ கீழ உக்காந்துட்டு என்ன செய்யப் போற?"

"அந்த ரோட்ட நீங்க ஒருத்தரா கண்டுபிடிச்சீங்க? பெரிய கொலம்பஸ்ஸு. வழியனுப்ப எனக்கும் பாத்தியதை இருக்கு."

என்னை யாரும் கேட்கவில்லை. நான் ஒரு ஃபிளாஸ்கும், மாத்திரையும், பிளாஸ்டிக் பைகளும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

பஸ் எங்களை அடிவாரத்தில் இறக்கிவிட்டுச் சுரங்கத்துக்குள் போனது. பஸ் நிறுத்தத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. அதற்குப் பின்னால் பழைய சாலை மேலே ஏறுகிறது. ஓரத்தில் புதிதாக வர்ணம் அடித்த இரும்புக் கதவு, பூட்டுவதற்குத் தயாராகத் திறந்து கிடந்தது. சோப்பு நிறக் கார் ஏற்கனவே வந்து நின்றது. கூரை மடித்திருந்தது. அவர் கேன்வாஸ் ஷூ போட்டிருந்தார்.

எங்களைப் பார்த்ததும் இறங்கி வந்து பக்கத்து சீட்டின் கதவைத் திறந்து பிடித்தார். யோசித்துச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. கை தானாகப் போய்விட்டது. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து காருக்குப் பக்கத்தில் போனாள். அவர் கதவை விடாமல் நின்றார். அவள் குனியாமல் கையை மட்டும் நீட்டி சீட்டின் முதுகைத் தொட்டாள். அதில் ஒட்டியிருந்த ஏதோ சருகை எடுத்துப் போட்டாள். பிறகு கதவைத் தள்ளிச் சாத்தினாள்.

"போயிட்டு வாங்க."

"நான் வேணா மெதுவா, நடக்கிற வேகத்துல..."

"அது எதுக்கு? நடக்கிற வேகத்துல போறதுக்கு அந்த ரோட்ட அவமானப்படுத்தணுமா? ஒழுங்கா ஓட்டுங்க."

அவர் ஏறி உட்கார்ந்தார். காலியாக இருந்த பக்கத்து சீட்டை ஒரு தடவை பார்த்தார். வண்டி இரும்புக் கதவைத் தாண்டி ஏறி, முதல் மரங்களுக்குப் பின்னால் மறைந்தது.

அவளைப் பெஞ்சில் உட்கார வைத்தேன். "இப்படி இல்ல, அப்படி" என்று எழுந்து, நல்ல காது மலைப் பக்கம் வருகிற மாதிரி மாறி உட்கார்ந்தாள். இன்ஜின் சத்தம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. கியர் மாறுவது எனக்கே கேட்டது. அப்புறம் ஹாரன், ஒரு தடவை.

"எதிர்ல ஏதோ வண்டி வருது போல" என்றேன்.

"இன்னிக்கு யாருக்கா அங்க வருவா? எல்லாரும் பொந்துக்குள்ள போறாங்க."

கொஞ்ச நேரத்தில் மறுபடி ஹாரன். இந்தத் தடவை இரண்டு. அது அடங்கியதும் இன்ஜின் சத்தம் ஒரு பக்கமாக இழுபட்டுப் போய்த் திரும்பியது. பிறகு ஒரு ஹாரன். சத்தம் மறுபக்கம் போனது.

அவள் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மேலே ஹாரன் ஒரு தடவை கேட்டது. அவள் தோள் மெல்ல என் பக்கம் சாய்ந்து, நிமிர்ந்தது. இரண்டு தடவை கேட்டது; அந்தப் பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. நான் பழக்கத்தில் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து விரித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தேன். நிறம் மாறவில்லை. மேலுதட்டில் வியர்வை இல்லை. ஒரு லாரி எங்களைக் கடந்து சுரங்கத்துக்குள் போனது. அதன் இரைச்சலில் எனக்கு மலைச் சத்தம் தவறிவிட்டது. அவள் தவறவிடவில்லை. லாரி போன பிறகு எனக்கு மறுபடி கேட்டபோது அவளும் சத்தமும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தார்கள்.

ரொம்ப உயரத்திலிருந்து, மெலிந்து, ஒரு ஹாரன் வந்தது. விடாமல் நீளமாக அடித்தார்.

"அக்கா," என்றாள், கண்ணைத் திறக்காமல். "கொஞ்சம் தள்ளி உக்காருங்க. பெரிசு வருது."

நான் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து, அவளுக்கு இடம் விட்டேன்.